சைக்காலஜி மேற்படிப்புக்கு யாரிடம் வழி கேட்பது? நாலு வகை சீனியர்கள், ஓர் ஒப்பீடு

பி.எஸ்சி சைக்காலஜி மூன்றாம் வருசம் வந்ததும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, எம்.எஸ்சிக்கு எந்தக் காலேஜ் என்பது. அடுத்தது, கிளினிக்கலா கவுன்சிலிங்கா என்பது. இவ்விரண்டுக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

இன்ஜினியரிங் என்றால் தெருவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். நர்சிங் என்றால் சொந்தத்தில் ஓர் அக்கா இருப்பாள். நம் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலோ களக்காட்டிலோ வள்ளியூரிலோ இருந்து சைக்காலஜி படிக்க வரும் பிள்ளைக்கு, ஊரிலேயே அந்தப் படிப்பைப் படித்த ஆள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. "படிச்சு முடிச்சு பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியா?" என்று கேட்கிற சித்தப்பாமார்தான் உண்டு. பேராசிரியர்களிடம் கேட்கலாம். ஆனால் அறுபது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு நேரம் வாய்ப்பது அரிது. மிச்சம் இருப்பவர்கள், நம்மைவிட இரண்டு வருசமோ ஐந்து வருசமோ முன்னால் போய்விட்ட மாணவர்கள். அப்படி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடியவர்கள் நாலு வகை: எம்.எஸ்சி இரண்டாம் வருச சீனியர், பிஎச்.டி ஸ்காலர், ஆஸ்பத்திரியில் மருத்துவ உளவியல் பயிற்சியில் இருப்பவர், வெளிநாட்டில் பிஎச்.டி செய்கிற அக்காவோ அண்ணனோ.

பிள்ளைகள் இவர்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை. "எனக்குக் குழந்தை உளவியல்தான் இஷ்டம், அதனால குழந்தை உளவியல் செய்யுறவங்கதான் வேணும்" என்று ஆர்வத்தை வைத்துத் தேடுகிறார்கள். ஆர்வம் ஒத்துப்போவது நல்லதுதான். ஆனால் இளநிலை முடிக்கிற வயதில் அது இரண்டாம் பட்சம். அவர் நீங்கள் எழுதியதை வாங்கி வரி வரியாகப் படிப்பாரா, உங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பாரா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கேத்தி கிராம் 1980களில் அமெரிக்க நிறுவனங்களில் மூத்தவர் இளையவர் உறவை ஆராய்ந்து, வழிகாட்டுதலில் இரண்டு வேலைகள் கலந்திருப்பதாகப் பிரித்துச் சொன்னார்: தொழிலில் முன்னேற உதவுவது ஒன்று, மனசுக்குத் துணை நிற்பது இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

எம்.எஸ்சி சீனியரில் இருந்து தொடங்குகிறேன். போன வருசம் நீங்கள் நின்ற இடத்தில் நின்றவர். எந்த நுழைவுத் தேர்வில் எந்தப் பகுதி கடினம், ஹாஸ்டல் கட்டணத்தை எப்போது கேட்பார்கள், வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது என்பதெல்லாம் அவருக்கு ஈரம் காயாமல் நினைவிருக்கும். ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடியாததைக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த தோழரோடு சேர்ந்து செய்ய முடிகிறது என்பதை அடிப்படையாக வைத்துத்தான் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி கற்றலை விளக்கினார். அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' இங்கே சரியான அளவில் இருக்கிறது. பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை இவரிடம் கேட்டுவிடலாம். வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடையில் நின்றே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆனால் இவருக்குத் தெரிந்தது அவர் நடந்த ஒரே பாதை. அந்தப் பாதை இப்போது திறந்திருக்கிறதா என்பதை நீங்கள் தனியாகச் சரிபார்க்க வேண்டும். தபால் வழியில் எம்.எஸ்சி சைக்காலஜி முடித்த அண்ணன்மார் நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. "வேலைக்குப் போய்க்கிட்டே கரஸ்ல முடிச்சுரலாம்" என்று அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்வியாண்டு முதல் உளவியலைத் தொலைதூர வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. பழைய பாதையைச் சொல்பவர் மேல் குற்றமில்லை. கேட்பவர்தான் யுஜிசி அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

புள்ளியியல் விஷயத்தில் சீனியரை நம்பி இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "சாம்பிள் 100 போதும்" என்பது ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சுக்குச் சொல்லிக்கொண்டே வருகிற வாக்கியம். எத்தனை பேர் வேண்டும் என்பது, நீங்கள் தேடுகிற வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. இரண்டு குழுக்களுக்கு நடுவே நடுத்தர அளவு வித்தியாசத்தை, வழக்கமான 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் தேவை. வித்தியாசம் சின்னது என்றால் குழுவுக்கே ஏறத்தாழ 400 பேர் வேண்டியிருக்கும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். 'ஏன் 100?' என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் "சீனியர் சொன்னாங்க" என்று பதில் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் பிஎச்.டி ஸ்காலரின் மதிப்பு தெரியும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் கல்லூரி மாணவர்களின் தன்மதிப்பை அளந்து வந்திருந்தான். ரோசன்பர்க்கின் அளவுகோல், 1965-ல் வந்தது, பத்தே வாக்கியங்கள். நம்பகத்தன்மைக் கணக்கு போட்டால், வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிற ஆல்ஃபா எண் பாதாளத்தில் கிடந்தது. "ஸ்கேல் நம்ம ஊருக்குச் சரிப்படலக்கா, வேற ஸ்கேல் வச்சு திரும்பவும் எடுக்கப் போறேன்" என்றான், முகம் வாடிப் போய். எதிரே இருந்த ஸ்காலர் ஒன்றும் பேசாமல் எக்செல் ஷீட்டைத் தன் பக்கம் திருப்பினார். அவருடைய ஆராய்ச்சி முதியோரின் ஞாபகசக்தி. தன்மதிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மூன்றாம் வாக்கியத்தின் பத்தியில் விரலை வைத்து, "இதைத் திருப்பிப் போட்டியா?" என்று கேட்டார். பையனுக்குப் புரியவில்லை. அந்தப் பத்து வாக்கியங்களில் ஐந்து எதிர்மறையாகக் கேட்பவை. ஒருவர் அதில் 4 போட்டால் 1 என்று மாற்ற வேண்டும், 3 போட்டால் 2. அவன் பத்தையும் அப்படியே கூட்டியிருந்தான். ஐந்து பத்திகளைத் திருப்பியதும் கணக்கு நேரானது. ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போகாமல் தப்பியது.

ஆர்வம் பொருந்தாத ஸ்காலர்தான் அந்தப் பையனைக் காப்பாற்றினார் என்பதைக் கவனியுங்கள். தரவைக் கையாளும் பழக்கம் எல்லாப் பிரிவுக்கும் பொது. கூடவே தகவலும் ஸ்காலரிடம் புதிதாக இருக்கும். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உரிய தகுதித் தேர்வான நெட்டில், முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மூன்று மணி நேரம், தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 2024 ஜூன் முதல் அதே தேர்வின் மதிப்பெண் பிஎச்.டி சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளப்படுகிறது, ஜே.ஆர்.எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். அவரே அந்த வரிசையில் நின்றவர், அல்லது நின்றுகொண்டிருப்பவர்.

ஸ்காலரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. "எனக்கு 200 ஃபார்ம் நிரப்பிக் கொண்டு வா" என்று ஆரம்பித்து அதிலேயே ஒரு வருசத்தை ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தரவு சேகரிப்பது நல்ல பயிற்சிதான், ஒரு நிபந்தனையோடு: சேகரித்த தரவை அவர் எப்படிச் சோதிக்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட வேண்டும். கட்டுரையில் பெயர் வருமா, நன்றி மட்டுமா என்பதை முதல் நாளே கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஆராய்ச்சியில் அது சாதாரணமாகப் பேசிக்கொள்கிற விஷயம். பதில் சொல்லாமல் மழுப்புகிறவரிடமிருந்து விலகி வந்துவிடலாம்.

மூன்றாவது, மருத்துவ உளவியல் பயிற்சியில் இருப்பவர். நம் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்" என்றுதான் வருகிறார்கள். எம்.எஸ்சி முடித்தாலே அது ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் வருத்தம். 2017-ஆம் வருச மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயரை யார் வைத்துக்கொள்ளலாம் என்று வரையறுத்திருக்கிறது: இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற படிப்பு, நேரடி மேற்பார்வையில் முழுநேர மருத்துவமனைப் பயிற்சி. அது இவ்வளவு காலம் இரண்டு வருச எம்.ஃபில் என்ற வடிவில் இருந்தது. 2022-ல் யுஜிசி எம்.ஃபில்லையே நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கைக்கு விலக்கு கொடுத்தது. மறுவாழ்வுக் கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆக, இன்று பயிற்சியில் இருக்கும் அக்கா வந்த வாசலும் உங்களுக்கு இருக்கப்போகும் வாசலும் வேறு.

வாசலை விட்டுவிடுங்கள். உள்ளே வேலை எப்படி இருக்கும் என்பதை இவரைப்போல வேறு யாரும் சொல்ல முடியாது. காலையில் வெளிநோயாளிப் பிரிவு, ஒவ்வொருவரின் வரலாற்றையும் முழுசாக எழுதுவது, சோதனைகள், அறிக்கை, மேற்பார்வையாளர் அதைச் சிவப்பு மையில் திருப்பித் தருவது, மறுபடி எழுதுவது. சினிமாவில் பார்க்கிற நாற்காலிக்கு எதிரே நாற்காலி என்பது அதில் ஒரு சின்னப் பகுதி. இதைக் கேட்ட பிறகும் ஆசை குறையாத பிள்ளைக்கு அது உண்மையான ஆசை. இவரிடம் இரண்டு பேச்சு போதும். அதற்கு மேல் நேரமும் அவருக்கு இருக்காது.

இங்கே ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தன் மனக்கஷ்டத்துக்கு மருந்து தேடித்தான் பலர் சைக்காலஜிக்கு வருகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வழிகாட்டுகிற சீனியரை வைத்தியராக ஆக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் கறாராகச் சிவப்புக் கோடு போட வேண்டியவர், உங்கள் அழுகையையும் சுமந்தால் இரண்டையும் சரியாகச் செய்ய முடியாது. அவரும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைதான். தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நாலாவது, வெளிநாட்டில் பிஎச்.டி செய்கிறவர். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளில், பிஎச்.டி மாணவர்களே சேர்ந்து, விண்ணப்பிக்கப் போகிறவர்களின் எழுத்தை இலவசமாகப் படித்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடுகளை நடத்துகிறார்கள். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்களுக்கு முன்னுரிமை தருகிற ஏற்பாடுகள் அதில் உண்டு. இது தெரியாமல் நம் பிள்ளைகள் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டுகிறார்கள். விண்ணப்பக் கடிதத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்கிற கன்சல்டன்சியை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

அங்கே சேர்க்கை நடக்கிற விதமே வேறு. பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வகத்துக்குத்தான் விண்ணப்பிக்கிறீர்கள். அந்தப் பேராசிரியர் அந்த வருசம் ஆள் எடுக்கிறாரா என்பதைப் பொறுத்தே எல்லாம். இளநிலை முடித்தே நேராக பிஎச்.டிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. கிடைத்தால் கட்டணம் தள்ளுபடியாகி உதவித்தொகையும் வருவது அங்கே வழக்கம். கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பர் 1-ஐ ஒட்டி. இதையெல்லாம் இங்கிருந்து யாரும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு நெட் தெரியாது, மறுவாழ்வுக் கவுன்சில் தெரியாது, இளநிலையில் ஆய்வகமே பார்க்காத கல்லூரிகள் உண்டு என்பது தெரியாது. இங்கேயே வேலை பார்க்கப் போகிறவருக்கு அவர்கள் யோசனை பாதிதான் பொருந்தும்.

அவர்கள் கை தேர்ந்தது எழுத்தில். முக்கூடல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் கடிதம், 'சிறு வயது முதலே மனித மனம் என்னை ஈர்த்தது' என்று தொடங்கியது. வீடியோ காலில் இருந்த அக்கா, அவளும் தென்காசிப் பக்கத்துக்காரி, அந்த வரியை அடித்துவிட்டு, "இதை யாரு வேணும்னாலும் எழுதலாம்டி. நீ என்னத்தைப் பாத்த?" என்று கேட்டாள். பிள்ளைக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா பீடி சுத்துவாக்கா. டி.வி. பாத்துக்கிட்டே சுத்துவா, கையப் பாக்கவே மாட்டா. ஆனா கட்டு எண்ணும்போது மட்டும் யாராச்சும் பேசினா வைவா, எண்ணிக்கை தப்பிருமாம்" என்றாள். "அதை எழுது" என்றாள் அக்கா.

அந்த ஒரு வரிக்குள் ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. பழகிப்போன கைவேலை கவனத்தைக் கேட்பதில்லை. எண்ணுவது மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்கிற வேலை என்பதால் பேச்சு அதை இடறுகிறது. உளவியலாளர்கள் பேடலியும் ஹிட்சும் 1974-ல் செயல் நினைவை, அதாவது ஒன்றைச் சற்று நேரம் மனசில் பிடித்துவைத்து வேலை செய்கிற நினைவைப் பற்றி முன்வைத்த கோட்பாடு இந்த வகையான இடறலைத்தான் விளக்கியது.

எந்தப் பிரிவு என்று குழம்புகிற பிள்ளைகளுக்கு நான் அந்தப் பீடித்தட்டையே காட்டுவேன். அறிதல் உளவியல்காரர் கையையும் கவனத்தையும் பார்க்கிறார். வளர்ச்சி உளவியல்காரர், தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற குழந்தையைப் பார்க்கிறார்: அம்மா கை ஓயாமல் இருக்கும்போது அந்தக் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறாள், எப்படிப் பேசுகிறாள்? தொழில் உளவியல்காரருக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்கிற கூலி முறையும், பீடிக்கடையில் 'சரியில்லை' என்று கழித்துவிடுவதும் அந்தப் பெண்ணின் மனசில் என்ன செய்கிறது என்பது கேள்வி. மருத்துவ உளவியல்காரர் அவள் தோள்வலியையும் தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் சேர்த்துக் கேட்பார். சமூக உளவியல்காரர், திண்ணையில் யார் யாரோடு சேர்ந்து உட்கார்ந்து சுற்றுகிறார்கள், யார் சேர்வதில்லை என்று பார்ப்பார்.

சமூக உளவியலை நம் பிள்ளைகள் ஏனோ கண்டுகொள்வதே இல்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதிப் பகையால் கூடப் படித்தவர்களாலேயே வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதிக் கயிறு முதற்கொண்டு எவ்வளவோ பேசப்பட்டது. ஒரே வகுப்பில் உட்காரவைத்தாலே வேற்றுமை போய்விடாது; சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலே இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நாலும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். அந்த நாலும் நம் பள்ளிகளில் எந்த அளவுக்கு இருக்கிறது என்று அளந்து பார்க்க, இந்தச் சீமையில் பிறந்து வளர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வேண்டும். அதில் ஆர்வமுள்ளவர்கள் அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை ஸ்காலர்களையும் போய்ப் பார்க்கலாம். சைக்காலஜி என்ற பெயர்ப் பலகையை மட்டும் தேட வேண்டியதில்லை.

நம் ஊர்க் கேள்விகள் சின்னவை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, வசதியான நாடுகளின் ஆட்கள்தான் என்று ஹென்ரிக்கும் சகாக்களும் 2010-ல் சுட்டிக்காட்டினார்கள். 2015-ல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, முன்பு கிடைத்த மாதிரியே தெளிவான முடிவு வந்தது ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான். இனி வரப்போகிறவர்களுக்கு நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

எனக்கு இருக்கிற தீர்மானத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருசத்தில் இருக்கிற பிள்ளைக்கு எம்.எஸ்சி சீனியர் போதும், வாரம் ஒருமுறை பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கடைசி வருச ப்ராஜெக்ட் தொடங்கியதும் ஒரு ஸ்காலரைப் பிடியுங்கள். ஆர்வம் எதுவானாலும் சரி, தரவைத் திறந்து பார்க்கிறவராக இருக்க வேண்டும். நாலு பேரில் ஒருவரைத்தான் என்று கட்டாயப்படுத்தினால் நான் இவரைத்தான் சொல்வேன். கிளினிக்கல் என்று முடிவெடுக்கும் முன் பயிற்சியில் இருப்பவரோடு ஒருமுறை பேசாமல் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுக் கனவு இருந்தால் அங்கிருக்கிற அக்காவிடம் ஜூலையிலேயே கேளுங்கள். நவம்பர் கடைசியில் கேட்டால் அவளும் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். நம்ம ஊர் இரவு எட்டு மணிக்கு நியூயார்க்கில் கோடையில் காலை பத்தரை, பனிக்காலத்தில் ஒன்பதரை. அதைப் பார்த்து நேரம் கேளுங்கள். ஆர்வப் பொருத்தத்தை எம்.எஸ்சி இரண்டாம் வருச ஆய்வேட்டுத் தலைப்பு எடுக்கும்போது கறாராகப் பாருங்கள், அப்போது அது அவசியம்.

முதல் செய்தியில் "அக்கா, எனக்கு கைடு பண்ணுவீங்களா?" என்று மட்டும் அனுப்பினால் யாருக்கும் என்ன பதில் போடுவதென்று தெரியாது. நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை இணையுங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி, எந்தத் தேதிக்குள் பதில் தேவை என்ற ஒரு வரி. பத்து நாள் கழித்துப் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அதே பக்கத்தை அடுத்தவருக்கு அனுப்புங்கள்.